சுண்டெலி வி1-ல் டி.எஸ்.ஐ. 0.7-க்கு மேல்: செல்லின் குணமா, செட்டப்பின் குணமா?

சாய்கோடு | திங்கள், இரவு 9:12

வணக்கம். சுண்டெலியின் முதன்மைப் பார்வைப் புறணியில் (வி1) எடுத்த இரண்டு-ஃபோட்டான் இமேஜிங் (லேசரால் செல்களின் ஒளிர்வைப் படம்பிடிப்பது) டேட்டா. ஜிகேம்ப் 6எஸ் (செல் சுடும்போது ஏறும் கால்சியத்தை ஒளிர்ந்து காட்டும் புரதம்), லேயர் 2/3, நொடிக்கு 30 ஃப்ரேம். நகரும் சைன் கிரேட்டிங் (மென்மையாக மாறும் கறுப்பு-வெள்ளைப் பட்டைகள்): 12 திசை, ஒரு டிகிரிக்கு 0.04 சைக்கிள், 2 ஹெர்ட்ஸ், முழுக் கான்ட்ராஸ்ட். 2 நொடி ஓட்டம், 1 நொடி சாம்பல் திரை, திசைக்கு 5 ட்ரையல். 24 அங்குல எல்.சி.டி., 60 ஹெர்ட்ஸ், கண்ணிலிருந்து 15 செ.மீ. தலை நிலையாக, கால் உருளையின் மேல்.

திசைக் குறியீடு (டி.எஸ்.ஐ.) வழக்கமான சூத்திரம்தான்: விருப்பத் திசைப் பதிலிலிருந்து எதிர்த் திசைப் பதிலைக் கழித்து, இரண்டின் கூட்டலால் வகுப்பது. பேஸ்லைன் (சாம்பல் திரையின்போது உள்ள அளவு) கழித்த பிறகு போடுகிறேன். பதில் தரும் செல்களில் பாதிக்கு மேல் 0.7-ஐத் தாண்டுகிறது, சிலது 1-ஐயே தாண்டுகிறது. படித்த பேப்பர்களில் இவ்வளவு உயரம் இல்லை. எங்கிருந்து சரிபார்க்க ஆரம்பிப்பது?

கணக்குப்பிள்ளை | திங்கள், இரவு 9:50

1-ஐத் தாண்டுவதற்குக் காரணம் கழித்தல். எதிர்த் திசைப் பதில் பேஸ்லைனுக்குக் கீழே இறங்கினால் அது மைனஸ் ஆகிறது. வகுக்கும் எண் சுருங்குகிறது, விகிதம் எங்கே வேண்டுமானாலும் ஓடும். ஸ்பைக்கிலேயே (செல்லின் மின் துடிப்பு) ஒரு கணக்குப் போடுங்கள். சாம்பல் திரைக்கு நொடிக்கு 2 ஸ்பைக், விருப்பத் திசைக்கு 6, எதிர்த் திசைக்கு 2.5. கழிக்காமல் போட்டால் 3.5 ÷ 8.5 = 0.41. கழித்துவிட்டுப் போட்டால் 3.5 ÷ 4.5 = 0.78. செல் ஒன்றுதான், பேப்பருக்குப் பேப்பர் எண் வேறு. ஆகவே நீங்கள் ஒப்பிட்டுப் பார்த்த பேப்பர்கள் கழித்தனவா, கழித்தபின் மைனஸைப் பூஜ்யமாக்கினவா என்று முதலில் பாருங்கள். பூஜ்யமாக்கினால் 1-ல் ஒரு கும்பல் சேர்ந்து நிற்கும். ஹிஸ்டோகிராமைப் பார்த்தவுடனே அது தெரியும்.

இரண்டாவது, 5 ட்ரையல். திசையே தெரியாத ஒரு செல்லை எடுத்துக்கொள்வோம். 5 ட்ரையலும் சேர்த்து எந்தத் திசைக்கும் சராசரி 5 ஸ்பைக்தான் தருகிறது, பாய்சான் இரைச்சலோடு. 12 திசையில் பெரியதைத் தேடினால் 9-க்குப் பக்கத்தில் ஒன்று கிடைக்கும். அதற்கு எதிர்த் திசை சராசரியாக 5. டி.எஸ்.ஐ. ஏறக்குறைய 0.3! சராசரி 20 ஸ்பைக் என்றால் 0.15, 80 என்றால் 0.08 அளவுக்கு இறங்கும். பெரியதைப் பொறுக்கி எடுத்துவிட்டு அதையே அளந்தால் இப்படித்தான் வரும்.

மருந்து: ட்ரையல்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் விருப்பத் திசையைக் கண்டுபிடித்து, மறு பாதியில் டி.எஸ்.ஐ. அளக்கவும். திசையறியாத செல்லுக்கு இது பூஜ்யத்தைச் சுற்றியே வரும், மைனஸாகவும் வரும், வரட்டும். அதோடு, ஒவ்வொரு திசையின் பதிலையும் ஒரு வெக்டராக வைத்துக் கூட்டி, அதன் நீளத்தை மொத்தப் பதிலால் வகுக்கும் முறையையும் போடுங்கள். மஸூரெக், கேகர், வான் ஹூசர் 2014-ல் இந்த இரண்டு வகை அளவீட்டையும் ஒப்பிட்டு வெக்டர் முறைதான் இரைச்சலைத் தாங்கும் என்று காட்டியிருக்கிறார்கள்.

ஷஃபிள் (லேபிளைக் கலைத்துப் போட்டு, தற்செயலாக எவ்வளவு வரும் என்று பார்ப்பது) செய்யும்போது ஒரு எச்சரிக்கை. 12 திசை லேபிளையும் மொத்தமாகக் கலைத்தால் நீங்கள் சோதிப்பது திசையை அல்ல, ஏதாவது ஒரு டியூனிங் இருக்கிறதா என்பதை. திசைக்கான ஷஃபிளில் 0-வும் 180-ம், 30-ம் 210-ம் என்று ஜோடிக்குள் மட்டும் கலைக்க வேண்டும். கோட்டின் சாய்வுக்கான டியூனிங் அப்படியே நிற்கும், திசை மட்டும் கலையும்.

மின்முனை | திங்கள், இரவு 10:31

கணக்கு சரி. ஆனா கால்சியத்தை ஸ்பைக்னு நெனச்சுக்கிட்டுப் போடற கணக்குலயே ஒரு ஓட்டை இருக்கு. ஜிகேம்ப் நேர்கோட்டுல ஏறாது. நாலு ஸ்பைக் ஒட்டி ஒட்டி வந்தா வெளிச்சம் நாலு மடங்குக்கு மேலயே வரும். பெரிய பதில் இன்னும் பெருசாவும், சின்னப் பதில் இல்லாத மாதிரியும் தெரியும். ஸ்பைக்ல 0.4 இருக்கற செல்லு, பதில் வெறும் 1.6 அடுக்குல ஏறினாலே ஃப்ளோரசன்ஸ்ல 0.6 காட்டிடும். ஆலன் இன்ஸ்டிட்யூட் ஆளுங்க ஒரே ஸ்டிமுலஸை நியூரோபிக்சல்ஸ் மின்முனைலயும் இரண்டு-ஃபோட்டான்லயும் வச்சு 2021-ல ஒப்பிட்டாங்க. மின்முனைல பதில் தர்ற செல்லோட விகிதம் ஜாஸ்தி, இமேஜிங்ல செலக்டிவிட்டி ஜாஸ்தி. ஒப்பிடறதுன்னா கால்சியம் பேப்பரோட கால்சியத்தை ஒப்பிடுங்க.

நியூரோபில் (செல்லைச் சுத்தி இருக்கற நரம்பு இழைகளோட வெளிச்சம்) எவ்வளவு கழிக்கறீங்க? வழக்கமா 0.7-ஆல பெருக்கிக் கழிப்பாங்க. அதை 0.9, 1.0னு ஏத்திட்டா எதிர்த் திசைப் பதில் தரைக்குக் கீழ போய், கணக்குப்பிள்ளை சொன்ன அதே குழில விழுவீங்க. கண்டுபிடிக்கறது சுலபம்: ட்ரேஸைத் திறந்து, நியூரோபில் ஏறற நேரத்துல செல்லு ட்ரேஸ் கீழ்நோக்கிக் குழியுதான்னு பாருங்க. செல்லுங்க வெளிச்சத்துல நிஜமா அப்படிக் கீழ போறது அபூர்வம். வரிசையா குழி தெரிஞ்சா ஜாஸ்தியாக் கழிச்சிருக்கீங்க.

1 நொடி இடைவெளி 6எஸ்-க்குப் பத்தாது தம்பி. ஒத்தை ஸ்பைக்குக்கே பாதியா விழ அரை நொடிக்கு மேல ஆகும். 2 நொடி வெடிப்புக்கு அப்புறம் வால் அடுத்த ட்ரையலுக்குள்ள வந்து உக்காரும், உங்க 'பேஸ்லைன்' அந்த வால்தான். 3-4 நொடியாவது விடுங்க. திசை வரிசை ரேண்டமா? 0, 30, 60னு வரிசையா ஓட்டியிருந்தா அந்த டேட்டாவைத் திசைக்குப் பயன்படுத்தவே முடியாது.

சாய்கோடு | திங்கள், இரவு 10:44

ரேண்டம்தான் அண்ணே. நியூரோபில் 0.7. இடைவெளியை நாளையிலிருந்து 4 நொடி ஆக்குகிறேன்.

ஜெயநகர்_4வது_பிளாக் | திங்கள், இரவு 11:05

15 செ.மீ. ரொம்பக் கிட்ட. ஸ்க்ரீன் ஓரத்தில் கிரேட்டிங்கின் வேகம் குறைந்துவிடும். டி.எஸ்.ஐ. ஏறுவதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

ஹெப்பாள்_வாசி | செவ்வாய், காலை 6:38

ஜெயநகர் சொல்வதில் முதல் பாதி சரி, முடிவு சரியில்லை. கணக்கைப் போட்டுவிடலாம்.

24 அங்குல மானிட்டரின் அகலம் 53 செ.மீ. 15 செ.மீ. தூரத்தில் நடுவிலிருந்து ஓரம் வரை 60 டிகிரி. நடுவில் ஒரு செ.மீ. என்பது 3.8 டிகிரி, ஓரத்தில் அதே ஒரு செ.மீ. 0.9 டிகிரிதான். பிக்சலில் சம அகலக் கிரேட்டிங் வரைந்தால் நடுவில் 0.04 சைக்கிளாக இருப்பது ஓரத்தில் 0.16 ஆகிறது. 2 ஹெர்ட்ஸ் எங்கும் 2 ஹெர்ட்ஸ்தான், ஆகவே வேகம் நடுவில் நொடிக்கு 50 டிகிரி, ஓரத்தில் 12. சுண்டெலி வி1 செல்களில் பெரும்பாலானவை 0.02-க்கும் 0.08-க்கும் இடையில் நன்றாகப் பதில் தருபவை. 0.16-ல் பல செல்கள் வாயை மூடிக்கொள்ளும்.

ஆனால் இடமிருந்து வலம் போனாலும் வலமிருந்து இடம் வந்தாலும் ஓரத்தில் அதே 0.16-தான். இரு திசைக்கும் ஒரே கோணல். ஆகவே டி.எஸ்.ஐ. இதனால் ஏறாது. கெடுவது சாய்வு டியூனிங். அதே பக்கவாட்டு ஓரத்தில் படுக்கைக் கோடுகள் மேலும் கீழும் நகரும்போது அவற்றின் அளவு 0.16 அல்ல, 0.08. ஓரத்தில் ஏற்புப்புலம் (ஒரு செல் பார்க்கும் பகுதி) உள்ள செல்களெல்லாம் படுக்கைக் கோட்டை விரும்புவது போல ஒரு போலி விருப்பம் தெரியும். மானிட்டரை 25 செ.மீ.க்குத் தள்ளினால் ஓரத்தில் இரண்டு மடங்குக் கோணலோடு போகும். இல்லையென்றால் ஒவ்வொரு பிக்சலுக்கும் கண்ணிலிருந்து கோணத்தைக் கணக்கிட்டு, கோணத்தில் சைன் வரையுங்கள். ஷேடரில் நாலு வரி வேலை. கண்ணிலிருந்து ஸ்க்ரீனுக்குச் செங்குத்து விழும் புள்ளி மானிட்டரின் நடுப்புள்ளிதானா என்பதை ஒரு நூலும் மூலைமட்டமும் வைத்து அளந்துவிட்டுச் செய்யுங்கள். அது 4 செ.மீ. தள்ளி இருந்தால் திருத்தமே புதுப் பிழையாகிவிடும்.

திசைக் குறியீட்டை நிஜமாகவே கோணலாக்குவது கண்ணசைவு. நகரும் கிரேட்டிங்கைச் சுண்டெலியின் கண் பின்தொடரும். ஒற்றைக் கண்ணுக்குக் காட்டினால், காதுப்பக்கத்திலிருந்து மூக்கை நோக்கி வரும் ஓட்டத்தைத் தொடர்வது வலுவாக இருக்கும், எதிர்ப்பக்கம் வலுவில்லை. நொடிக்கு 5, 10 டிகிரி போன்ற மெதுவான வேகத்தில் கண் கிரேட்டிங்கோடு சேர்ந்தே ஓடி, விழித்திரையில் விழும் வேகம் மிகவும் குறைந்துவிடும். ஒரு திசைக்கு ஒரு வேகம், மறு திசைக்கு வேறு வேகம்: செல் தராத திசை வித்தியாசத்தைக் கண் தந்துவிடுகிறது. 50 டிகிரியில் பின்தொடர்தல் நன்றாகக் குறையும். ஆனால் உங்கள் ஓரத்தில் 12 டிகிரி இருக்கிறது, அதை மறக்க வேண்டாம். அகச்சிவப்பு விளக்கும் ஒரு சின்ன கேமராவும் வைத்துக் கண்மணியைப் படம் எடுங்கள்.

ஓட்டமும் பாருங்கள். நீல், ஸ்ட்ரைக்கர் 2010-ல் காட்டியது: சுண்டெலி ஓடும்போது வி1 செல்லின் பதில் இரண்டு மடங்குக்கு மேல் ஏறும், டியூனிங் மாறாது. 5 ட்ரையல் மட்டும் வைத்திருக்கும்போது, ஒரு திசையில் மூன்று ட்ரையல் ஓட்டத்தில் விழுந்து எதிர்த் திசையில் ஒன்றும் விழாவிட்டால் போலி டி.எஸ்.ஐ. தயார். அதுவும் ஒரு செல்லுக்கு அல்ல, அந்தப் பார்வைப்புலத்தில் உள்ள எல்லாச் செல்லுக்கும் ஒரே திசையில். உங்கள் செல்களின் விருப்பத் திசைகளை வட்ட ஹிஸ்டோகிராமாகப் போட்டுப் பாருங்கள். எல்லாம் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் முதல் சந்தேகம் ஓட்டமும் கண்ணும்தான்.

எஸ்பிரோடு_சாலிடர் | செவ்வாய், காலை 9:20

மானிட்டரைப் பத்தி யாருமே பேசல. காமா (பிக்சல் மதிப்புக்கும் வெளிச்சத்துக்கும் உள்ள வளைந்த உறவு) திருத்தினீங்களா? திருத்தாத ஸ்க்ரீன்ல பிக்சல் மதிப்பு 128 போட்டா பாதி வெளிச்சம் வராது, 22 சதம்தான் வரும். அதுல முழு கான்ட்ராஸ்ட் சைன் ஓட்டினா சராசரி வெளிச்சம் 36 சதம். அதாவது சாம்பலிலிருந்து கிரேட்டிங்குக்கு மாறற ஒவ்வொரு தடவையும் திரை முழுக்க ஒரு ஃப்ளாஷ். திசைக்குச் சம்பந்தமில்லாத, வெளிச்சம் ஏறினதுக்கான ஆன்-பதில் எல்லா ட்ரையல்லயும் ஏறும். இது டி.எஸ்.ஐ.யை ஏத்தாது, இறக்கும். இறக்கியும் உங்களுக்கு 0.7 வருதுன்னா மத்த ஓட்டையெல்லாம் எவ்வளவு பெருசுன்னு பாத்துக்கோங்க.

மெனுவுக்குள்ள போயி டைனமிக் கான்ட்ராஸ்ட், ஈகோ மோட், கண் பாதுகாப்பு மோட் எல்லாத்தையும் அணைங்க. பிரைட்னஸை 100-ல வைங்க. பல மானிட்டர்ல பேக்லைட்டைக் குறைக்கறதே அணைச்சு அணைச்சு எரிய வச்சுத்தான். வெளிச்சம் ஜாஸ்தின்னா நியூட்ரல் டென்சிட்டி ஃபில்ம் ஒட்டுங்க, பிரைட்னஸ் பட்டனைத் தொடாதீங்க. பேனல் ஐ.பி.எஸ். ஆ இருக்கணும். டி.என். பேனல்ல 15 செ.மீ. தூரத்துல மேல் பாதிக்கும் கீழ் பாதிக்கும் கான்ட்ராஸ்ட் வேற வேற.

ஃபோட்டோடயோடு இருக்கா? கிரேட்டிங் எப்ப வந்துச்சுன்னு மென்பொருள் சொல்றதை நம்பவே கூடாது. பெங்களூரு எஸ்.பி. ரோட்டு எலக்ட்ரானிக்ஸ் கடைங்கள்ல பிபிடபிள்யூ 34னு டயோடு கேட்டா கொடுப்பாங்க. கேத்தோடை 5 வோல்ட்டுக்கும், ஆனோடை 100 கிலோ ஓம் வழியா கிரவுண்டுக்கும் கொடுத்து, ஆனோடு முனையிலேர்ந்து சிக்னல் எடுங்க. ஸ்க்ரீன் மூலைல 2 செ.மீ. சதுரம் ஒண்ணு, ஃப்ரேமுக்கு ஃப்ரேம் கறுப்பு-வெள்ளை மாறணும். அதுமேல டயோடை ஒட்டி, எலிக்குத் தெரியாம கறுப்பு டேப் போட்டு மூடிடுங்க. வெள்ளைக்கு ஒண்ணு ரெண்டு வோல்ட் வந்தா போதும், குறைஞ்சா ரெசிஸ்டரைக் கூட்டுங்க. ரூம் லைட் எரிஞ்சுக்கிட்டிருந்தா சிக்னல் மேல 100 ஹெர்ட்ஸ் அலை ஏறும், நம்ம லைன் 50 ஆச்சே. அணைச்சிட்டுப் பாருங்க. கறுப்பு-வெள்ளை மாறற ரெண்டு தடவைக்கு நடுவுல 16.7 மில்லிசெகண்டுக்குப் பதிலா 33.3 வந்தா ஒரு ஃப்ரேம் விழுந்துடுச்சு. கிராஃபிக்ஸ் கார்டுல ரெண்டாவது மானிட்டர் வேற ரிஃப்ரெஷ் ரேட்ல ஓடினா இது அடிக்கடி நடக்கும்.

கணக்குப்பிள்ளை | செவ்வாய், காலை 9:58

60 ஹெர்ட்ஸ் பற்றி ஒரு துணைச் சேதி. 15 ஹெர்ட்ஸ் கிரேட்டிங் என்றால் சைக்கிளுக்கு 4 ஃப்ரேம், ஃப்ரேமுக்குக் கால் சைக்கிள் நகர்வு; திசை தெளிவாகவே இருக்கும். 30 ஹெர்ட்ஸில் அரை சைக்கிள் தாவல்: கோடு இருந்த இடத்திலேயே கறுப்பும் வெள்ளையும் மாறும், திசை என்பதே இல்லை. 40 கேட்டால் திரையில் ஓடுவது எதிர்த் திசையில் 20. மென்பொருள் எந்த எச்சரிக்கையும் தராமல் ஓட்டும்.

மின்முனை | செவ்வாய், காலை 10:15

ஸ்பைக் எடுக்கறவங்களுக்கு இன்னொண்ணு. ரிஃப்ரெஷ் ரேட்டுக்கே செல்லு பூட்டிக்கிட்டு அடிக்கும். வோல்மன், பாமர் 1995-லயே பூனையில தாலமஸ்லயும் (கண்ணோட சேதியைப் புறணிக்கு அனுப்பற இடம்) புறணிலயும் இதைக் காட்டியிருக்காங்க. 60 ஹெர்ட்ஸ்ல ஒரு உச்சி தெரிஞ்சா மூளையோட காமா ஆஸிலேஷன்னு (ஸ்க்ரீன் காமா வேற) பேப்பர் எழுதிடாதீங்க. நம்ம ஊர்ல ஒரு வசதி: கரண்ட் இரைச்சல் 50, மானிட்டர் 60, ரெண்டும் தனித்தனியா நிக்கும்.

புதுமுகம்_கோரமங்களா | செவ்வாய், மதியம் 1:22

நான் கணினிப் பார்வைத் துறை, நரம்பியல் புதுசு. அடிப்படைக் கேள்வி. ஒரே ஒரு செல்லுக்கு, கோடு இடமிருந்து வலம் போகிறதா வலமிருந்து இடம் போகிறதா என்று எப்படித் தெரிகிறது? இரண்டிலும் அதே இடங்களைத்தானே கோடு கடக்கிறது?

ஹெப்பாள்_வாசி | செவ்வாய், மாலை 7:03

அதே இடங்கள், ஆனால் வேறு வரிசை. வரிசையைப் பிடிக்க இரண்டு உள்ளீடுகள் வேண்டும்: இடத்தில் தள்ளி, நேரத்திலும் தள்ளி. இடது உள்ளீடு மெதுவானது, வலது வேகமானது என்று வையுங்கள். கோடு இடமிருந்து வலம் போனால் மெதுவானது முன்னாடியே கிளம்பி, வேகமானது பின்னால் கிளம்பி, இரண்டும் ஒரே நேரத்தில் செல்லை வந்தடைகின்றன. திருப்பிப் போனால் ஒன்று எப்போதோ வந்து போய்விடும், மற்றது தாமதமாக வரும், கூட்டல் உயரமாகாது. பூச்சிகளை வைத்து ஹாசன்ஸ்டைன், ரைகார்ட் 1956-ல் வைத்த மாதிரியின் சாரம் இதுதான். அவர்கள் கூட்டலுக்குப் பதிலாகப் பெருக்கலை வைத்தார்கள். முயல் விழித்திரையில் பார்லோ, லெவிக் 1965-ல் கண்டது வேறு வழி: எதிர்த் திசையில் வரும்போது, முன்னாடியே கிளம்பிய தாமதமான தடுப்பு சரியான நேரத்தில் வந்து பதிலை அடக்குகிறது.

சுண்டெலிப் புறணியில் இது எங்கே நடக்கிறது என்பதற்கு லீன், ஸ்கான்சியானி 2018-ல் நேரடியாக விடை தந்தார்கள். புறணியின் சொந்தச் செயல்பாட்டை ஒளியால் அணைத்துவிட்டு, லேயர் 4 செல்லில் தாலமஸிலிருந்து வரும் மின்னோட்டத்தை மட்டும் அளந்தார்கள். தனித்தனித் தாலமஸ் உள்ளீடுகளுக்குத் திசை தெரிய வேண்டியதில்லை. ஏற்புப்புலத்தின் ஒரு பக்கத்தில் சட்டென்று எழுந்து விழும் உள்ளீடுகள், மறு பக்கத்தில் நீடித்து நிற்கும் உள்ளீடுகள். அவை கூடும் இடத்திலேயே திசை பிறந்துவிடுகிறது. பூனையில் இதே வேலைக்குத் தாமதித்துப் பதில் தரும் தாலமஸ் செல்களைச் சொல்வார்கள். சுண்டெலியில் விழித்திரையிலிருந்தே திசை அறிந்து வரும் ஒரு தனி வழியும் உண்டு, அது வேறு கதை.

இடத்தை ஒரு அச்சிலும் நேரத்தை மற்ற அச்சிலும் வைத்து ஏற்புப்புலத்தை வரைந்தால், திசை அறிந்த சிம்பிள் செல்லின் படம் சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வே விருப்பமான வேகம். ஆனால் அந்தப் படத்தை வைத்து நேர்கோட்டுக் கணிப்பு செய்தால் வரும் டி.எஸ்.ஐ. நிஜ ஸ்பைக்கில் இருப்பதைவிடக் குறைவாகவே வரும். மீதியைத் தருவது ஸ்பைக் வாசல்: சவ்வு மின்னழுத்தத்தில் இருக்கும் சின்ன வித்தியாசம் வாசலைத் தாண்டும்போது பெரிதாகிறது. ஜிகேம்ப் அதை இன்னொரு முறை பெரிதாக்குகிறது என்று மின்முனை மேலே சொன்னதையும் இதோடு வைத்துப் பாருங்கள்.

நகர்வுக்கும் புறணிக்கும் உள்ள உறவு ஆரம்பத்திலேயே தெரிந்துவிட்டது. ஹ்யூபலும் வீசலும் 1950-களின் கடைசியில் பூனைக்குக் கறுப்புப் புள்ளி ஒட்டிய கண்ணாடித் தகட்டைக் காட்டினார்கள். செல்லைச் சுட வைத்தது புள்ளி அல்ல, தகட்டைச் செருகும்போது ஓடிய அதன் ஓரத்தின் மெல்லிய நிழல்.

புதுமுகம்_கோரமங்களா | செவ்வாய், இரவு 8:10

நன்றி அக்கா. அப்படியானால் இரண்டு கேபர் ஃபில்டரும் இரண்டு டெம்போரல் ஃபில்டரும் எடுத்து, பெருக்கிக் கூட்டி, ஸ்கொயர் செய்தால் போதுமா?

கணக்குப்பிள்ளை | செவ்வாய், இரவு 8:41

அதுதான் அடெல்சன், பெர்கன் 1985-ல் தந்த மோஷன் எனர்ஜி. சைன்-கேபர், கோசைன்-கேபர், வேகமான, மெதுவான டெம்போரல் ஃபில்டர், நாலு பெருக்கல். அவற்றைக் கூட்டியும் கழித்தும் இடப்பக்கத்துக்கு ஒரு ஜோடி, வலப்பக்கத்துக்கு ஒரு ஜோடி. ஜோடிக்குள் ஸ்கொயர் செய்து கூட்டினால் காம்ப்ளெக்ஸ் செல்: கோடு கறுப்பா வெள்ளையா, எந்த இடத்தில் என்பதெல்லாம் மறைந்து திசை மட்டும் மிஞ்சும். இரண்டு டெம்போரல் ஃபில்டரும் கால் சைக்கிள் இடைவெளியில் இல்லையென்றால் எதிர்த் திசையிலும் கசியும். 2 ஹெர்ட்ஸில் கால் சைக்கிள் என்பது 125 மில்லிசெகண்ட்.

இந்த மாடலை வேறு விதத்திலும் பயன்படுத்தலாம். சாய்கோடு தன் ஸ்டிமுலஸ் ஃப்ரேம்களை, திரையில் நிஜமாக வந்தபடி, ஃப்ரேம் விழுந்ததும் காமாவும் உட்பட, இதற்குள் ஓட்டட்டும். இரு பக்கமும் சமமாகத் தர வேண்டிய மாடல் செல் ஒரு பக்கம் சாய்ந்தால் ஸ்டிமுலஸில் பிழை.

சாய்கோடு | வியாழன், இரவு 10:02

செய்தவை: 4 நொடி இடைவெளி, 20 ட்ரையல், பாதி-பாதி முறை, கோணத் திருத்தம், ஓடாத ட்ரையல் மட்டும். 1-க்கு மேல் இருந்தவை காணாமல் போயின, மொத்த விநியோகம் நன்றாகக் கீழே வந்துவிட்டது. ஆனால் வினோதமான ஒன்று: ரத்தக்குழாய் மேல் வட்டம் போட்டு எடுத்த ட்ரேஸிலும் 2 ஹெர்ட்ஸ் அலை தெரிகிறது. குழாய்க்கு ஏது திசை!

எஸ்பிரோடு_சாலிடர் | வியாழன், இரவு 10:19

ஸ்க்ரீன் வெளிச்சம் பி.எம்.டி.க்குள்ள (மைக்ராஸ்கோப்போட ஒளி டிடெக்டர்) போகுது. லேசர் ஷட்டரை மூடிட்டு கிரேட்டிங்கை ஓட்டி, பி.எம்.டி. சராசரியைப் பதிவு பண்ணுங்க. லேசரே இல்லாம 2 ஹெர்ட்ஸ் வந்தா வேற விளக்கம் தேவையில்ல. திரை ஓரம் உள்ள பட்டை மட்டும் அப்ஜெக்டிவைப் பாக்கும், அதனால கோட்டோட ஃபேஸைப் பொறுத்து ஏறி இறங்கும். சில சாய்வுக்கு ஜாஸ்தி, சிலதுக்குக் கம்மி, அப்ப குழாய்க்கும் 'சாய்வு டியூனிங்' வரும்.

அப்ஜெக்டிவைச் சுத்தி தலைத்தகடு வரைக்கும் கூம்பு மாதிரி கறுப்புத் துணி கட்டணும். சிக்பேட்டைல கறுப்பு வெல்வெட் மீட்டர் கணக்குல கிடைக்கும்; ஒத்தை மடிப்பு போதாது, நடுவுல கறுப்பு ஃபாயில் வச்சு ரெட்டையாத் தைங்க. துணியை டார்ச் மேல வச்சுப் பாத்தா ஊசித்துளை தெரியும். தலைத்தகட்டுல ஒட்டற இடத்துல கறுப்பு சிலிக்கோன். பல் சிமெண்ட் வெள்ளையா இருந்தா வெளிச்சத்தைப் பக்கவாட்டுல கடத்தி உள்ள கொண்டு போகும், கார்பன் பொடி கலந்து கறுப்பாக்கிடுங்க. மூடினப்புறம் ஷட்டர் சோதனை மறுபடி.

எம்டி_வழி | வெள்ளி, காலை 7:26

தாமதமாக வருகிறேன். சாய்கோடு அடுத்து பிளெய்ட் (ஒன்றன் மேல் ஒன்றாக வைத்த இரண்டு கிரேட்டிங்) ஓட்டப் போவதாக வேறு இழையில் பார்த்தேன், அதனால் இது.

ஒரு அட்டையில் ஒரு ரூபாய் அளவுக்கு வட்ட ஓட்டை போட்டு, பின்னால் சாய்ந்த கோடு வரைந்த தாளை நேர்கீழாக இழுங்கள். கோடு தன் சாய்வுக்குச் செங்குத்தாக நகர்வதாகத்தான் தெரியும், தாளின் உண்மைத் திசை தெரியாது. வி1 செல்லின் ஏற்புப்புலமும் அந்த ஓட்டைதான். மூவ்ஷன், அடெல்சன், கிஸி, நியூசம் 1985-ல் இரண்டு கிரேட்டிங்கை ஒன்றன் மேல் ஒன்று வைத்துச் சோதித்தார்கள். குரங்கு வி1 செல்கள் தனித்தனிக் கிரேட்டிங்குக்கே பதில் தந்தன. எம்.டி. என்ற, நகர்வுக்கான பார்வைப் பகுதியில் ஒரு பங்குச் செல்கள் சேர்ந்த உருவின் திசையைப் பிடித்தன. பேக், பார்ன் 2001: எம்.டி. செல்கூட முதல் கணத்தில் கோட்டுக்குச் செங்குத்தான திசையைத்தான் சொல்கிறது, அதன்பின் சில பத்து மில்லிசெகண்டுக்குள் உண்மைத் திசைக்கு மாறுகிறது. ஜிகேம்ப் 6எஸ்-ல் இந்த மாற்றம் தெரிய வாய்ப்பே இல்லை.

செய்முறை: இரண்டு கிரேட்டிங், நடுவே 120 டிகிரி, ஒவ்வொன்றும் 50 சதக் கான்ட்ராஸ்ட். ஒப்பிடும் ஒற்றைக் கிரேட்டிங்கும் அதே 50 சதத்தில் இருக்கட்டும். கூறுகளுக்குப் பதில் தரும் செல் என்றால் பிளெய்ட் டியூனிங், கிரேட்டிங் டியூனிங்கை 60 டிகிரி இடமும் வலமும் நகர்த்திக் கூட்டியது போல இரண்டு திமிலோடு வரும். சேர்ந்த உருவைப் பிடிக்கும் செல் என்றால் கிரேட்டிங் டியூனிங்கே திரும்ப வரும். கூட்டும் முன் பேஸ்லைனைக் கழித்து, கூட்டிய பின் ஒரே ஒரு முறை சேர்க்கவும். இல்லையென்றால் கணிப்பில் அது இரட்டிப்பாகிவிடும். பிறகு பகுதி ஒட்டுறவு, ஃபிஷர் இசட் மாற்றம், வித்தியாசம் 1.28-ஐத் தாண்டினால் மட்டும் வகைப்படுத்தவும். நடுவில் நிற்பதை நடுவிலேயே விடவும்.

மின்முனை | வெள்ளி, காலை 8:04

சுண்டெலி வி1-லயே சேர்ந்த உருவைப் பிடிக்கற செல்லு இருக்குன்னு ஒரு கூட்டம், இல்லைன்னு ஒரு கூட்டம். நீங்க எந்தக் கூட்டம்?

எம்டி_வழி | வெள்ளி, காலை 8:30

ஸ்டிமுலஸின் அளவு, கான்ட்ராஸ்ட், மயக்கமா விழிப்பா என்பதைப் பொறுத்து இரண்டு கூட்டமும் சரியாக இருக்க இடமிருக்கிறது. என் சந்தேகம் வேறு. சுண்டெலிச் செல்லில் திசை டியூனிங் அகலமாக இருந்தால் இரண்டு திமில்களும் ஒன்றோடொன்று கலந்து ஒரே மேடாகிவிடும், இரண்டு கணிப்புக்கும் வித்தியாசமே இராது. 30 டிகிரி இடைவெளியில் அளந்தால் இன்னும் மோசம். டி.எஸ்.ஐ. குறைந்த செல்லில் வேறு சிக்கல்: 120 டிகிரி பிளெய்ட்டில் எதிர்த் திசைப் பதிலும் கூட வந்து, விருப்பத் திசையிலிருந்து 60, 120, 240, 300 டிகிரியில் நாலு திமில் முளைக்கும். அவற்றை ஒதுக்கிவிட்டு, இரு கணிப்புகளுக்கும் இடையிலான ஒட்டுறவு எவ்வளவு என்று ஒவ்வொரு செல்லுக்கும் முதலில் அச்சிட்டுப் பாருங்கள். அது 0.9 என்றால் அந்தச் செல் எந்தக் கட்சிக்கும் சாட்சி சொல்லாது.

சாய்கோடு | வெள்ளி, காலை 8:52

15 டிகிரி இடைவெளி, 24 திசை, பிளெய்ட் 24, சாம்பல் ஒன்று. 20 ட்ரையலுக்கு 980 காட்சி, 6 நொடி வீதம் 98 நிமிடம். சுண்டெலி தாங்குமா?

ஹெப்பாள்_வாசி | வெள்ளி, காலை 9:15

ஒரே அமர்வில் வேண்டாம். ஜிகேம்ப் மங்கும், நீர் மூழ்கு அப்ஜெக்டிவில் தண்ணீர் வற்றும், அரைத் தூக்கத்தில் பதில் மாறும். எல்லாத் திசையும் பிளெய்டும் கலந்த 10-ட்ரையல் தொகுதி இரண்டாக ஆக்கி, இரண்டு நாளில் எடுங்கள். கிரேட்டிங் ஒரு நாள், பிளெய்ட் மறுநாள் என்று மட்டும் பிரிக்காதீர்கள். மறுநாள் அதே செல்களைப் பிடிக்க முதல் நாள் சராசரிப் படத்தைத் திரையில் வைத்துக்கொண்டு ரத்தக்குழாய்க் கிளைகளை வைத்து ஒப்பிடுங்கள். ஆழத்தில் சில மைக்ரான் தவறினாலே வேறு செல்கள் கலந்துவிடும்.

எஸ்பிரோடு_சாலிடர் | வெள்ளி, காலை 9:21

தண்ணிக்குப் பதிலா அல்ட்ராசவுண்ட் ஜெல் வைங்க, வத்தாது. வைக்கறதுக்கு முன்னாடி சென்ட்ரிஃப்யூஜ்ல ஒரு சுத்து சுத்திக் குமிழை எடுத்துடுங்க.